சலேர்னோவில் சாமியின் தங்கச்சி

போன வருஷம் மே மாத நடுவில் நான் இத்தாலி தேசத்துக்குப் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. ஹட்டனில் எங்கள் மாதா கோயில் சாமிக்கு, வெள்ளைக்காரப் பாதிரியார் அவர், நெஞ்சு நோவு வந்தது. கொழும்பு டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, வருகிற மழைக்காலம் முடியும்வரை மலையில் இருக்கக்கூடாது, சொந்த ஊருக்குப் போய் வெயிலில் இருந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். சாமி பிறந்த ஊர் சலேர்னோ. இத்தாலியின் தெற்கே, கடற்கரையில் இருக்கிறது. தனியாக அனுப்பப் பயந்து, கூட ஒரு ஆள் போகட்டும் என்று கோயிலில் முடிவு செய்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவருக்குக் குசினியில் சமைத்துப் போட்டவன் நான். வேறு யார் போவது?

"நான் அவரை விட்டுட்டு வரப் போகல. கூட்டிட்டு வரப் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். திரும்பி வரும் டிக்கெட்டும் இரண்டு பேருக்கு எடுத்திருந்தது.

என் பெயர் சூசை. வயது அறுபத்து நாலு. எழுதப் படிக்கக் கற்று இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. வாசிகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போகிறது. ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. இத்தாலிக்கு யார் போகப் போகிறார்கள், எதற்கு இந்தக் கட்டுரை என்று பத்திரிகை நடத்துகிறவர்கள் கேட்டார்கள். ஏன் போகமாட்டார்கள்? சீமைக்குப் போகும் துரைமார் பிள்ளை பார்க்க ஆயாவையும் சமைக்க அப்புவையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கப்பல்கள் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நிற்கும். நேப்பிள்ஸிலிருந்து சலேர்னோ ரயிலில் ஒரு மணி நேரம்தான். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பாஸ்போர்ட். நான் பிறந்தது டிக்கோயாவில் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், கூலிகளின் வரிசை வீட்டில் ஒற்றை அறை. ஆனால் இலங்கைப் பாஸ்போர்ட் எனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். என் அப்பா பிறந்த நாட்டின் பெயரில் எடுத்தேன். அந்த நாட்டை நான் பார்த்ததில்லை. அலைச்சல் நாலு மாதம். போகிறவர்கள் முன்கூட்டியே ஆரம்பியுங்கள்.

ஹட்டனில் காலை வண்டி ஏறினோம். கொழும்புக்கு மூன்றாம் வகுப்பில் மூன்று ரூபாய் சொச்சம். றொசல்ல ஸ்டேஷனைத் தாண்டும்போது தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்கள் கூடையோடு நிமிர்ந்து கையாட்டினார்கள். சாமி சன்னலில் தலையை நீட்டி, "பத்திரமா இருங்கம்மா, வந்துருவேன்" என்று கத்தினார். அதை நான் நன்றாகக் கேட்டேன். வந்துருவேன் என்றுதான் சொன்னார்.

கப்பலில் பதினைந்து நாள். ஏடன் வரைக்கும் கடல் மோசம். தேசிக்காய் என்கிற எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல் கொண்டுபோங்கள், அதை முகர்ந்தாலே வாந்தி நிற்கும். சுயஸ் கால்வாய்க்குள் போனதும் கப்பல் மாட்டு வண்டி மாதிரி மெதுவாகப் போகிறது. அதற்குப் பிறகு கடல் தூங்குகிறது. எங்கள் கொழும்புக் கடல் பகலும் இரவும் இரைகிறது. இத்தாலிக்காரர்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு நீலக் குளத்தைக் கொடுத்தார் ஆண்டவர்? பொறாமை எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. ஊர் திரும்பியும் தீரவில்லை. அதை மறைத்துக்கொண்டு எழுதினால் இந்தக் கட்டுரையில் பாதி இருக்காது.

ஜூன் மாதம் பிறந்த மறுநாள் காலை நேப்பிள்ஸில் இறங்கினோம். நான் வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, தலைப்பாகை. துறைமுக வாசலில் ஒரு டாக்ஸிக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாமியிடம் ஏதோ கேட்டான்.

"என்னங்க சாமி கேக்குறான்?"

"நீ எந்த ஊரு ராஜாவாம்?"

"என்ன சொன்னீங்க?"

"என் குசினிக்கு ராஜான்னு சொன்னேன். அப்படின்னா நூறு லீரா கூடக் குடுக்கணும்னு சொல்றான்."

ஸ்டேஷனுக்கு நானூறு லீரா கேட்டான், முந்நூறுக்கு வந்தான். நம்முடைய ஒரு ரூபாய்க்கு நூற்று முப்பது லீரா கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சலேர்னோவுக்கு ரயில் ஆளுக்கு முந்நூற்று இருபது லீரா. வலது பக்கம் உட்காருங்கள், முதலில் கடல் தெரியும். நெருப்பு மலை இடது பக்கம். அதன் அடிவாரம் முழுக்கத் திராட்சையும் தக்காளியும் போட்டிருக்கிறார்கள், பயமே இல்லை.

ரயிலில் சாமி எதிரே இருந்தவர்களோடு பேசிக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. கை இரண்டும் பறக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் என் பக்கம் திரும்பி இத்தாலியனிலேயே ஏதோ சொன்னார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "பசிக்குதான்னு கேட்டேன், சூசை" என்றார். எனக்குப் பசிக்கவில்லை.

சலேர்னோ இப்படி இருக்கிறது. முன்னால் கடல். கடலோரமாக நீளமான நடைபாதை, பனை மாதிரி மரங்கள். பின்னால் உடனே மலை, அதன் உச்சியில் பழைய கோட்டை. நம் ஹட்டனை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கால் நனைய வைத்தது போல. நடுவில் பழைய ஊர், ஒடுங்கின சந்துகள், ஐந்து மாடி வீடுகள். சந்துக்குக் குறுக்கே கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. அதே மாதத்தில் ஹட்டனில் என் பெண்சாதி ஈரச் சேலையை அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த வெயில்மேலும் பொறாமைதான்.

சாமியின் வீடு கோயிலுக்குப் பின்சந்தில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. சாமி ஒரு தட்டு தட்டிவிட்டு, களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்தார். அப்போது சந்தின் மேல் முனையிலிருந்து ஒரு கிழவி இறங்கி வந்தாள். கறுப்புப் பாவாடை, தலையில் துணி, தோளில் பெரிய கூடை நிறைய எலுமிச்சங்காய். நம் ஊர் எலுமிச்சை இல்லை. ஒவ்வொன்றும் சிறு மாங்காய் அளவு. அறுபது வயதுக்குக் குறையாது, வேர்த்து ஒழுகுகிறது. நான் நினைத்தேன்: இந்த வீட்டுக்கு வேலை செய்கிற பொம்பளை, காய் கொண்டுவந்து போட வந்திருக்கிறாள். பெட்டியை அவள் பக்கம் தள்ளி, உள்ளே பெரிய அம்மாவைக் கூப்பிடு என்று கையால் காட்டினேன்.

அவள் கூடையை இறக்கினாள். பெட்டியைத் தொடவில்லை. ஓடிப்போய்ச் சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகம் முழுக்க முத்தம் கொடுத்து அழுதாள்.

கூலிக்காரி ஒருத்தி சாமியாரைக் கட்டிப்பிடிப்பதா? நான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். "ஏ பொம்பள, தள்ளி நில்லு! நெஞ்சு நோவுக்காரரு!"

"டேய் சூசை, விடுடா! அது என் தங்கச்சி!"

நான் விட்டேன். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அவர் பெயர் கொன்செத்தா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சாமி நடந்ததைச் சொன்னதும் முதலில் சிரித்தார், பிறகு இடுப்பில் கைவைத்துக் கேட்டார். சாமி எனக்குச் சொன்னார்: "தன்ன ஏன் வேலைக்காரின்னு நெனச்சேன்னு கேக்குறா."

"கூடை சுமந்தாங்களே சாமி. எங்க ஊர்ல சுமக்குறவங்க யாரு, வீட்டுக்காரங்க யாருன்னு பார்த்தாலே தெரியும். தொரசாணி கூடை தூக்குவாங்களா?"

துரை என்றால் தோட்டத்தை ஆளுகிறவர், துரைசாணி அவர் பெண்சாதி என்று சாமி விளக்கினார். அந்த அம்மாவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. அன்றையிலிருந்து எனக்குப் பெயர் 'தொரை'. சாப்பாட்டு மேசையில் நாற்காலியை இழுத்துப்போட்டு, குனிந்து, "தொரை!" என்பார். அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல் அது. நான் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் என் தட்டில் ரொட்டியைப் போடுவார், எல்லாருக்கும் கடைசியாக.

அவர் என்னைக் கேலி செய்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. சாமியை எடுத்துக்கொண்டதுதான் தாங்கவில்லை. காலையில் சாமி எழும்புமுன் நான் தேத்தண்ணி ஊற்றிவைப்பேன். டிக்கோயாத் தேயிலை இரண்டு இறாத்தல் கொண்டுபோயிருந்தேன். அதற்குள் அந்த அம்மா ஒரு சின்னத் தகரக் குடுவையில் கோப்பி போட்டு, விரல் அளவுக் கோப்பையில் கொண்டுபோய் நீட்டிவிடுவார். சாமி அதை ஒரே வாயில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு மரியாதைக்கு என் தேத்தண்ணியில் இரண்டு மிடறு. மீதியை நானே குடிப்பேன். அப்படி ஒரு கிழமை, ஏழு நாளும். தேத்தண்ணி குடித்துக் குடித்து எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் நான் வேறு வேலை செய்தேன். ஹட்டனில் சாமியின் வீட்டுக்கு எதிர்மலையில் தோட்டம். விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்க, தப்பு என்கிற பறையை அங்கே அடித்துக் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் இருபத்திரண்டு வருஷம் எழும்பியது. நான் ஐந்தரை மணிக்கு அந்த அம்மாவின் ரொட்டித் தகரத்தை எடுத்து, சன்னலோரம் நின்று, தப்பு அடி அடித்தேன். எதிர்வீட்டுச் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒருவர் பனியனோடு நின்று என்னை வைதார். மேல்மாடியிலிருந்து ஒரு செருப்பு விழுந்தது. ஆனால் உள்ளேயிருந்து, தூக்கக் குரலில், சாமி தமிழில் கேட்டார்:

"பெரட்டுக்கு நேரமாச்சா, சூசை? மழ பெய்யுதா?"

"இல்லைங்க சாமி! நல்ல வெயிலு!" என்றேன். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு இன்னும் ஐந்து செருப்பு விழுந்திருக்கலாம். கொன்செத்தா அம்மா என் கையிலிருந்து தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாமி முழுக் கோப்பை தேத்தண்ணி குடித்தார்.

மற்றபடி ஊரில் பார்க்க வேண்டியது: பெரிய கோயில். முன்முற்றத்தைச் சுற்றிப் பழங்காலத்துத் தூண்கள், ஒன்றுக்கொன்று பொருந்தாமல், ஆனால் அழகாக. நிலவறையில் மத்தேயு அப்போஸ்தலரின் கல்லறை. அப்போஸ்தலரையே கீழே வைத்துக்கொண்டு மேலே பெண்கள் நின்று கத்தரிக்காய் விலை பேசுகிறார்கள். ஹட்டனில் அவருடைய நகத்துண்டு ஒன்று இருந்தாலும் நாங்கள் கொடியேற்றித் தேர் இழுத்திருப்போம். உள்ளே போக இலவசம். தலைப்பாகையைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றிவிடுங்கள். மாலையில் ஊரே கடலோரம் நடக்கிறது. எங்கேயும் போகாமல், போய்த் திரும்பி, போய்த் திரும்பி. எலுமிச்சை ஐஸ் ஒரு கண்ணாடிக் கோப்பை முப்பது லீரா, அவசியம் சாப்பிடுங்கள். பல்லில்லாதவர்களுக்கும் ஏற்றது.

அங்கே போய் இரண்டு கிழமை கழித்து ஊர் டாக்டர் வந்து சாமியைப் பார்த்தார். அறைக்கு வெளியே அந்த அம்மாவோடு நெடுநேரம் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "நாளைக்குத் தோட்டத்துக்குப் போவோம், அங்க சொல்றேன்" என்றார் சாமி. அன்று இரவு பெட்டியைத் திறந்து, திரும்பும் டிக்கெட் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

தோட்டம் என்றது எலுமிச்சைத் தோட்டம். மேற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம், நூற்றுப்பத்து லீரா. நுவரெலியா பாதையைவிட வளைவு அதிகம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நேராகக் கடல். வளைவுக்கு வளைவு டிரைவர் ஹோர்ன் அடித்து, அடிக்கிற நேரம் திரும்பி எங்களோடு பேசினார்.

"ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லுங்க சாமி."

சாமி சொன்னார். டிரைவர் ஏதோ பதில் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. "ரோடு அவரப் பாத்துக்குமாம்" என்றார் சாமி.

இறங்கி மலைமேல் படி ஏற வேண்டும். சாமியை இரண்டு இடத்தில் உட்காரவைத்து ஏற்றினோம். ஒரு கை எனக்கு, ஒரு கை அந்த அம்மாவுக்கு. ஏறி முடித்து நிமிர்ந்து பார்த்தேன். மலையை அடியிலிருந்து நுனிவரை தட்டுத்தட்டாக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கல்லுக்கட்டு. சுண்ணாம்பு இல்லை, சிமெந்து இல்லை, கல்லின்மேல் கல். தட்டுக்குத் தட்டு எலுமிச்சை மரம். மரங்களுக்குமேல் கம்பு நட்டுப் பந்தல். பச்சையிலைக்கு நடுவே மஞ்சள் காய், கீழே கடல். பெண்கள் தோளில் துணிச்சும்மாடு வைத்து, அந்தப் பெரிய கூடைகளைச் சுமந்துகொண்டு படிப்படியாக இறங்கினார்கள். கொழுந்து மலையை வேறு நிறத்தில் பார்ப்பது போல இருந்தது.

"இது எந்தத் தொரையோட தோட்டம் சாமி?"

"தொரை இல்ல. இந்த மூணு தட்டு கொன்செத்தாவுது. எங்க அப்பா குடுத்தது. அதுக்கு மேல ரெண்டு தட்டு, அந்தா கூடையோட போறாளே, அவளுது."

"சுமக்குறாங்களே?"

"அவளோடது. அவ சுமக்குறா."

"யாரு நிறுக்குறது?"

"அவதான்."

"தண்ணி, கூடைன்னு கழிக்கிறது?"

சாமி சிரித்தார். "அவ காயில அவ எதுக்குடா கழிக்கணும்?"

நான் அந்தக் கல்லுக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் பெண்சாதி பிலோமினா பத்து வயதில் கூடை எடுத்தவள். நிறுக்கிற இடத்தில் ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று அவள் கொழுந்தில் எடை கழிக்காத நாள் இல்லை. அவளுக்கு ஒரு செடி சொந்தமில்லை. நான் அதுவரை அந்த அம்மாமேல் பட்ட பொறாமை ஒரு கைப்பிடி. இது மலையளவு.

அங்கே வைத்துத்தான் சாமி சொன்னார். மரநிழலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சூசை, இன்னொரு கப்பல் பயணம் என் நெஞ்சு தாங்காதாம். நீ மட்டும் போ."

"அந்த டாக்டரு கொன்செத்தா அம்மா சொல்றததான் சொல்லுவாரு."

"என் நெஞ்சு சொல்றதச் சொன்னாரு."

"றொசல்லயில என்ன சொன்னீங்க? வந்துருவேன்னு சொன்னீங்க. கோயில் பின்னாடி உங்க கல்லறைக்கு இடமெல்லாம் பாத்து வச்சீங்களே சாமி? அந்தச் சவுக்கு மரத்தடியில?"

"பாத்து வச்சேன்." காலடியில் கிடந்த ஒரு காயை எடுத்துக் கையில் உருட்டினார். "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் வெளிய போன கதவு. திரும்பி வந்து தட்டினேன். தொறந்துச்சுடா. நான் நெனைக்கவே இல்ல."

எனக்கு அப்படி ஒரு கதவு எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். காம்பராக் கதவு தோட்டத்துக்குச் சொந்தம். பாஸ்போர்ட்டில் போட்டிருக்கிற ஊரில் எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியாது. அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எழுந்து போனேன். கொன்செத்தா அம்மா காய் பறித்து நிரப்பி வைத்திருந்த கூடை ஒன்று படியோரம் இருந்தது. தூக்கித் தோளில் வைத்தேன். வைத்த வேகத்தில் சரிந்தது. எனக்குத் தோளில் சுமந்து பழக்கமில்லை. மேல்தட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "தொரை! தொரை!" என்று அந்த அம்மா கத்தினார்.

பந்தல் கட்டுகிற கயிறு ஒன்று அங்கே கிடந்தது. அதை எடுத்துக் கூடையின் இரண்டு பக்கமும் போட்டுக் கட்டினேன். தலைப்பாகையை மடித்துத் தலையில் வைத்து, அதன்மேல் கயிற்றை மாட்டி, கூடையை முதுகில் விட்டேன். பிலோமினா மாட்டுவதை நாற்பது வருஷம் பார்த்திருக்கிறேன், ஒரு தரமும் மாட்டியதில்லை. நம் ஊரில் ஆம்பிளை கொழுந்துக் கூடை மாட்டினால் லயமே கூடி நின்று சிரிக்கும். கழுத்து நரம்பு அறுந்துவிடும் போல இருந்தது. ஆனாலும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கடைசிப் படிவரை இறங்கினேன். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி மேலே ஏறினேன்.

மேலே வந்தபோது சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கப்பல் ஏறின நாளிலிருந்து அவர் அப்படிச் சிரிக்கவில்லை. "பிலோமினா பாக்கணும்டா இத!" என்றார். பெண்கள் கூடிவிட்டார்கள். கொன்செத்தா அம்மா கயிற்றை வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். நாலு எட்டு வைத்துவிட்டு, கூடை பின்னால் இழுக்க, உட்கார்ந்துவிட்டார். அப்போது நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். சாமி எனக்குச் சொன்னார்: "இப்படிச் சுமக்குறவங்களுக்கு அங்க எத்தனை தட்டு இருக்கும்னு கேக்குறா. உனக்கு எத்தனைன்னு கேக்குறா."

"தட்டு ஏதுங்க சாமி. லயத்து வாசல்ல ரெண்டு பாத்தி கொத்தமல்லி. அதுவும் தோட்டத்து மண்ணு. வேணாம்னா புடுங்கச் சொல்லுவாங்க."

சாமி அதைச் சொன்னதும் அந்த அம்மா நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு மரமும் இல்லையா? பெண்சாதிக்கும் இல்லையா? இல்லை, இல்லை என்று நான் தலையாட்ட ஆட்ட அவருக்குக் கோபம் ஏறியது. யார்மேல் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. சாமிமேல் என்று நினைக்கிறேன், இத்தனை வருஷம் அங்கே இருந்துகொண்டு என்ன செய்தாய் என்று. அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நடுத்தட்டில், சுவரோரமாக நின்ற ஒரு மரத்தைத் தன் உள்ளங்கையால் தட்டிக் காட்டினார்.

"இது உனக்காம்" என்றார் சாமி.

"எனக்கு எதுக்குங்க?"

"சுமந்தியே, கூலி. என்ன வேலைக்காரின்னு நெனச்சான்ல, இப்ப எங்கிட்ட அவன் கூலி வாங்கிக்கட்டும்னு சொல்றா."

அந்தப் பக்கத்தில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சுவரில் வண்ண ஓடு பதிப்பார்கள். பக்கத்து ஊரில் அதைச் சுடுகிற சூளைகள் இருக்கின்றன. நான் புறப்படுமுன் அந்த அம்மா ஒரு வெள்ளை ஓடு வாங்கிவந்தார். சாமி நீல வர்ணத்தில் அதில் தமிழில் எழுதினார். சுட்டுவந்ததும் மரத்துக்குப் பின்னால் கல்லுக்கட்டில் பதித்தோம். "சூசைன்னு போட்டிருக்கேன்" என்றார் சாமி. எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாதே. ஒருவேளை கொன்செத்தா என்று எழுதிவிட்டு என்னைச் சமாதானப்படுத்துகிறாரோ என்று ஒரு சந்தேகம். அந்த எழுத்தின் நெளிவை விரலால் தடவித் தடவி மனதில் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய், என் பெயரை எழுதிக் காட்டுங்கள் என்றேன். அதே நெளிவுதான். பிறகு மற்ற எழுத்தையும் விடவில்லை.

சலேர்னோ ஸ்டேஷனில் என்னை வண்டி ஏற்றிவிட்டார்கள். சாமி என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். மிச்சமிருந்த தேயிலையைக் கொன்செத்தா அம்மா கையில் கொடுத்தேன். கொடுக்க மனசில்லைதான். கொதிக்கிற தண்ணீர், ஒரு கரண்டித் தூள், மூடி வைக்கணும், பால் வேண்டாம், கடித்துக்கொள்ளக் கையில் ஒரு துண்டு சீனி, என்று கையால் செய்து காட்டினேன். அவரும் அப்படியே செய்து காட்டினார். சரியாகத்தான் செய்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வண்டி நகரும்போது பார்த்தேன், சாமியின் கையை அவர் பிடித்திருந்த மாதிரிதான் நானும் பிடிப்பேன், முழங்கைக்குக் கீழே, இறுக்காமல்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிலோமினா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு அது, வாய்க்கு வாய் கொன்செத்தா, கொன்செத்தான்னு?"

"சாமி தங்கச்சி. கெழவி."

"கெழவிக்குத்தான் கூடை தூக்குனீங்களாக்கும். இங்க கட்டிக்கிட்டு நாப்பது வருஷம், ஒரு நாளாவது என் கூடையத் தூக்கியிருக்கீங்களா?"

அடுத்த ஞாயிறு கைக்காசு மலைக்கு, லீவு நாளில் கொழுந்தெடுத்து அன்றைக்கே காசு வாங்குகிற வேலைக்கு, அவளோடு போனேன், கூடை மாட்டினேன். லயம் சிரித்தது. சிரிக்கட்டும்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தை. ஜூன் மாதம்தான் நல்லது. குடை வேண்டாம், கம்பளி வேண்டாம். தேயிலையும் மிளகாய்த்தூளும் கொண்டுபோங்கள், அங்கே இரண்டும் சரியில்லை. கூடை சுமக்கிற யாரையும் வேலைக்காரி என்று நினைக்காதீர்கள். சாமியைப் போய்ப் பாருங்கள். கோயிலுக்குப் பின்சந்தில் தமிழ்ச் சாமி என்று கேட்டால் காட்டுவார்கள். உடம்பு தேறி, கடலோரம் நடக்கிறாராம். எனக்குச் சந்தோஷம்தான். அங்கே தேறியதுதான் கொஞ்சம் பொறாமை. அவர் காலையில் தேத்தண்ணி குடிக்கிறாரா, கோப்பி குடிக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பிறகு பஸ் எடுத்து மலைக்குப் போங்கள். படி ஏறி நடுத்தட்டு, இடது பக்கம், சுவரில் நீல எழுத்து ஓடு. அந்த மலையில் அதை வாசிக்கத் தெரிந்தவர் சாமி ஒருவர்தான், நீங்கள் இரண்டாவது ஆள். அந்த மரத்தில் தாராளமாகக் காய் பறித்துக்கொள்ளுங்கள், யாரிடமும் கேட்கவேண்டாம், அது என் மரம். உலகத்தில் எனக்கு இருக்கிற ஒரே மரம். மிச்சக் காயை எண்ணுங்கள். கொன்செத்தா அம்மா என்னிடம் கேட்காமல் பறிக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். எத்தனை காய் இருந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

யாரையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லமாட்டேன். நானே வாசிப்பேன்.